2012 பிளாஸ்மா டிவி: மாற்றலாமா, வைத்துக்கொள்ளலாமா?

வைகைக்கரை எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மதுரைக்காரன். வீட்டில் 2012இல் வாங்கிய பானாசோனிக் வியரா 42 இன்ச் பிளாஸ்மா, ஃபுல் எச்டி. இதுவரை பெரிய பழுது எதுவும் வந்ததில்லை. பிரச்சினை மச்சான் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் தொடங்கியது. அங்கே ஹாலில் புது 55 இன்ச் 4கே மாட்டியிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து எங்கள் வீட்டில் எல்லாருக்கும் நம் டிவி மங்கலாகத் தெரிகிறது. எனக்கும்தான்.

பகல் முழுக்க அப்பா செய்திச் சேனல் பார்ப்பார். மாலையில் அம்மாவும் வீட்டுக்காரியும் சீரியல். இரவில் நான் பழைய படம், சீசன் வந்தால் கிரிக்கெட். பையன் ஓடிடி எல்லாம் லேப்டாப்பிலேயே பார்த்துக்கொள்கிறான். லோக்கல் கேபிள் இணைப்பு. சோபாவுக்கும் டிவிக்கும் 9 அடி இருக்கும். 60 ஆயிரம் வரை செலவு செய்யத் தயார். ஸ்மார்ட், குரல் ரிமோட் போன்றவை எனக்கு முக்கியமில்லை. படம் உண்மையிலேயே நன்றாகத் தெரியுமா, அது மட்டும்தான் கேள்வி.

பிளாஸ்மாபக்தன் எழுதியது:

தொடாதீர்கள் அண்ணே. பானாசோனிக் 2013 டிசம்பரோடு பிளாஸ்மா தயாரிப்பையே நிறுத்திவிட்டது. அடுத்த வருடம் சாம்சங்கும் எல்ஜியும் மூட்டை கட்டின. படம் மோசம் என்று யாரும் நிறுத்தவில்லை. எல்இடியை மெலிதாகவும் மலிவாகவும் செய்ய முடிந்தது, கரண்டும் குறைவு, கடை வெளிச்சத்தில் பளபளவென்று தெரிந்தது. ஜனங்கள் அதை வாங்கினார்கள். அவ்வளவுதான்.

பிளாஸ்மாவில் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும். எல்இடி டிவி என்று விற்பது உண்மையில் எல்சிடிதான். பின்னால் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும், முன்னால் உள்ள திரவப் படிகம் அதை மறைக்கப் பார்க்கும். முழுசாக மறைக்க முடியாது. அதனால்தான் இரவுக் காட்சியில் கருப்பு வானம் சாம்பலாகத் தெரிகிறது. அப்புறம் அசைவு. பந்து பவுண்டரிக்கு ஓடும்போது கேமராவும் கூடவே ஓடுமே, அப்போது புல்லைப் பாருங்கள். உங்கள் டிவியில் புல் புல்லாகவே இருக்கும். மலிவான எல்இடியில் பச்சைப் பெயின்ட் அடித்த மாதிரி ஆகிவிடும். 60 ஆயிரத்துக்கு நீங்கள் வாங்கப்போவது பெரிய திரை. நல்ல திரை அல்ல.

கோவைவாசி எழுதியது:

பக்தருக்கு மரியாதையோடு ஒரு மறுப்புங்க. நானும் பிளாஸ்மாவிலிருந்து வந்தவன்தான். பகலில் ஜன்னலைத் திறந்துவைத்துக்கொண்டு பிளாஸ்மா பார்த்தால் படத்தைவிட நம் முகம்தான் அதிகம் தெரியும். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. வெளிச்சமும் குறைவு. ஏப்ரல், மே மாதத்தில் பக்கத்தில் உட்கார்ந்தால் அனல் வேறு. கடைசியாக, 42 இன்ச் 9 அடிக்குச் சின்னதுங்க. அப்பாவுக்குக் கீழே ஓடும் எழுத்து படிக்க முடிகிறதா என்று கேட்டுப் பாருங்கள்.

நான் 55 இன்ச் மாற்றிய பிறகு வீட்டில் ஒருத்தரும் பழசைத் தேடவில்லை. கருப்பு கொஞ்சம் சாம்பல்தான், ஒத்துக்கொள்கிறேன். டியூப்லைட் எரியும் ஹாலில் அதை யார் பார்க்கிறார்கள்?

மின்கம்பி எழுதியது:

டிவி ரிப்பேர் தொழிலில் ரொம்ப வருடமாக இருக்கிறேன். பிளாஸ்மாவா எல்இடியா என்று பேசுவதற்கு முன்னால் வைகைக்கரை சாருக்கு ஒரே ஒரு கேள்வி. கேபிள் பாக்ஸிலிருந்து டிவிக்கு வருவது என்ன வயர்? மஞ்சள்-சிவப்பு-வெள்ளையா, எச்டிஎம்ஐயா?

வைகைக்கரை எழுதியது:

மஞ்சள் சிவப்பு வெள்ளைதான் சார். பாக்ஸ் பழைய எஸ்டி (எச்டிக்கு முந்தைய சாதாரணத் தரம்) பாக்ஸ், எச்டிஎம்ஐ துளையே இல்லை. மச்சான் வீட்டில் டிஷ், எச்டி பாக்ஸ். அங்கே அன்றைக்கு ஓடிக்கொண்டிருந்தது யூடியூபில் ஏதோ 4கே இயற்கைக் காட்சி. இப்போதுதான் யோசிக்கிறேன்.

மின்கம்பி எழுதியது:

நினைத்தேன். என்னிடம் "படம் சரியில்லை" என்று வரும் புகாரில் பாதிக்கு மேல் இந்த மஞ்சள் வயர்தான்.

கணக்கைப் பாருங்கள். நம்ம ஊர் எஸ்டி சேனல் 720க்கு 576 புள்ளி, மொத்தம் நான்கு லட்சத்துச் சொச்சம். ஃபுல் எச்டி டிவியில் இருபது லட்சத்துச் சொச்சம். 4கே டிவியில் 3840க்கு 2160, கிட்டத்தட்ட 83 லட்சம். அதாவது எஸ்டியைப் போல மிகச் சரியாக 20 மடங்கு. கேபிளில் வரும் ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு புது டிவி இருபது புள்ளியை நிரப்ப வேண்டும். ஒரு கரண்டி மாவில் இருபது தோசை வார்க்கச் சொல்கிற கதை. உங்கள் பிளாஸ்மா ஐந்து வார்த்தால் போதும். அதனால் அதே எஸ்டி சீரியலை மலிவான 55 இன்ச் 4கேயில் போட்டால் இப்போது இருப்பதைவிட மோசமாகத் தெரியவே வாய்ப்பு அதிகம். முகமெல்லாம் மெழுகு மாதிரி ஆகும், புடவைக் கரை கலங்கும். விலை உயர்ந்த டிவிகளில் உள்ள பிராசசர் இதைக் கொஞ்சம் நன்றாகச் சமாளிக்கும். ஆனால் இல்லாத விவரத்தை அதுவும் ஊகித்துத்தான் போட வேண்டும்.

இதில் மஞ்சள் வயர் இன்னொரு அநியாயம் செய்கிறது. நிறமும் வெளிச்சமும் ஒரே கம்பியில் கலந்து வருவதால், சின்னக் கட்டம் போட்ட சட்டையில் இல்லாத வானவில் ஓடும். எழுத்து ஓரங்களில் எறும்பு ஊர்வது போலப் புள்ளிகள் நகரும்.

ஆகவே முதல் செலவு எச்டி பாக்ஸ், எச்டிஎம்ஐ வயர். தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி எச்டி சேனலுக்குத் தனி விலை, எஸ்டிக்குத் தனி விலை. பாக்ஸ் மட்டும் எச்டி வாங்கிவிட்டுப் பேக்கேஜில் எஸ்டி சேனலையே வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதையும் கேட்டு மாற்றுங்கள். பாக்ஸ் மெனுவில் அவுட்புட் 576இல் நிற்கிறதா, 1080இல் இருக்கிறதா என்றும் பாருங்கள். நம்ம ஊர் எச்டி சேனல்கள் பெரும்பாலும் 1080i வகைதான். அதற்கு உங்கள் டிவியின் புள்ளிகள் தாராளமாகப் போதும்.

திரைக்கிறுக்கன் எழுதியது:

மின்கம்பி சார் சொன்னதோடு தூரத்தையும் சேர்க்கிறேன். கண்ணாடியோடோ கண்ணாடி இல்லாமலோ பார்வை சரியாக உள்ள ஒருவரின் கண், ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு அளவுள்ள விவரத்தைத்தான் பிரித்துப் பார்க்கும். அதை வைத்துக் கணக்குப் போட்டால், 42 இன்ச் ஃபுல் எச்டி திரையில் ஐந்தரை அடிக்கு அப்பால் புள்ளிகள் கண்ணுக்குத் தனித்தனியாகத் தெரியாது. நீங்கள் இருப்பது 9 அடியில். 55 இன்ச்சில்கூட 1080க்கும் 4கேக்கும் வித்தியாசம் தெரிய ஏழு அடிக்குள் உட்கார வேண்டும். 65 இன்ச் என்றால் எட்டரை அடி. ஆக உங்கள் சோபாவிலிருந்து 4கே என்ற ஸ்டிக்கருக்காகப் பணம் கொடுப்பதில் அர்த்தமில்லை. கோவைவாசி சொன்ன மாதிரி அளவு பெரிதாவது மட்டும் கண்டிப்பாகத் தெரியும்.

அப்படியானால் மச்சான் வீட்டு டிவி ஏன் அசத்தியது? மூன்று காரணம் இருக்கலாம்: பெரிசு, நல்ல சோர்ஸ், அப்புறம் எச்டிஆர். இதில் எச்டிஆர்தான் உண்மையான முன்னேற்றம் என்பது என் கருத்து. புள்ளிகளின் எண்ணிக்கையைவிட, ஒவ்வொரு புள்ளியும் எவ்வளவு பிரகாசமாகவும் எவ்வளவு இருட்டாகவும் போக முடியும், எத்தனை நிறம் காட்டும் என்பதுதான் கண்ணுக்கு உறைக்கும். ஆனால் இங்கே ஒரு ஏமாற்று வேலை உண்டு. பெட்டியில் எச்டிஆர்10 என்று போட்டிருந்தால் அந்த சிக்னலை வாங்கிக்கொள்ளும் என்றுதான் பொருள். காட்டும் என்று பொருள் இல்லை. 250, 300 நிட்ஸ் பிரகாசமும் பின்விளக்கைப் பகுதி பகுதியாக அணைக்கும் வசதி இல்லாததும் சேர்ந்தால், எச்டிஆர் படம் சாதாரணப் படத்தைவிட இருட்டாகத்தான் தெரியும். 60 ஆயிரத்துக்குள் 55 இன்ச்சில் பெரும்பாலும் இந்த வகைதான் கிடைக்கும். விழாக்காலத் தள்ளுபடியில், பின்விளக்கை அப்படி அணைக்கும் சில மினி எல்இடி மாடல்கள் அந்த விலைக்கு இறங்குவதுண்டு. புள்ளிகள் தாமே ஒளிரும் ஓஎல்இடி அந்தப் பட்ஜெட்டில் கனவு.

வாங்குவதென்றே முடிவானால், எல்சிடி பேனலில் இரண்டு வகை உண்டு, ஐபிஎஸ்ஸா விஏவா என்று பாருங்கள். ஐபிஎஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தாலும் நிறம் மாறாது, ஆனால் கருப்பு வெளிறும். கான்ட்ராஸ்ட், அதாவது வெள்ளைக்கும் கருப்புக்கும் உள்ள வெளிச்ச விகிதம், ஆயிரத்துக்கு ஒன்று என்ற அளவில்தான். விஏவில் அது மூவாயிரத்துக்கு மேல், ஆனால் நேர் எதிரே உட்கார வேண்டும். உங்கள் பிளாஸ்மாவுக்கு இந்த இரண்டு குறையும் கிடையாது. பக்கவாட்டுப் பார்வை என்ற பிரச்சினையே அதற்குத் தெரியாது.

ஷோரூமில் ஓடும் டெமோவை நம்பாதீர்கள். நான் ஒருமுறை ஒரு கடையில் "இதில் ஒரு சாதாரண எஸ்டி சேனல் போட்டுக் காட்டுங்கள்" என்று கேட்டேன். விற்பனையாளர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும்! கேட்டுத்தான் ஆக வேண்டும். பென்டிரைவில் இருட்டுக் காட்சி நிறைந்த ஒரு படத்தையும் எடுத்துப் போங்கள்.

கடைசிபெஞ்ச் எழுதியது:

இழையின் நடுவே நுழைவதற்கு மன்னிக்கவும். என்னிடம் 2014 மாடல் 32 இன்ச் எல்இடி, எச்டி ரெடி. கீழ் மூலையில் நிழல் மாதிரி இருட்டாக இருக்கிறது, எழுந்து நின்று பார்த்தால் நிறம் மாறுகிறது. நானும் வைத்துக்கொள்ளவா?

மின்கம்பி எழுதியது:

உங்கள் கதை வேறு தம்பி. அந்த நிழல் பேக்லைட் பட்டையில் சில எல்இடி செத்துப்போனதன் அடையாளம். பட்டையை மாற்றினால் ஓடும். ஆனால் படத்தின் தரத்துக்காக அந்த டிவியைக் காப்பாற்ற வேண்டிய அவசியம் இல்லை. 1366க்கு 768 புள்ளி, சுமாரான பேனல். இன்றைய சாதாரண 43 இன்ச்கூட உங்களுக்கு நல்ல மாற்றமாக இருக்கும். 32 இன்ச்சுக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 2025 செப்டம்பர் 22 முதல் 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. மாற்றிவிடுங்கள்.

சாத்தூர்சேவு எழுதியது:

கரண்ட் பில்லைப் பற்றி யாரும் பேசவில்லையே. பிளாஸ்மா சராசரியாக 200 வாட் எடுக்கிறது என்று வையுங்கள், தினம் 6 மணி நேரம். இரண்டு மாத பில்லுக்கு 72 யூனிட். 55 இன்ச் எல்இடி 100 வாட் என்றால் 36. வித்தியாசம் வருடத்துக்கு 216 யூனிட். யூனிட்டுக்கு ஐந்து, ஆறு ரூபாய் போட்டாலும் ஆயிரத்துச் சொச்சம்தான். கரண்ட் மிச்சத்தை வைத்து 60 ஆயிரத்தை எடுக்கப் பேரன் காலம் ஆகும். இரண்டு மாத பில் 500 யூனிட்டைத் தொட்டும் தொடாமலும் நிற்கிற வீடு என்றால் மட்டும் யோசியுங்கள். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ் அடுக்குகளுக்கும் ரேட் ஏறிவிடும்.

எனக்கு உறுத்துவது வேறு விஷயம். அப்பா பகல் முழுக்கச் செய்திச் சேனல் என்றீர்களே. கீழே ஓடும் பட்டை, மூலையில் லோகோ, பக்கத்தில் தங்கம் விலை. பிளாஸ்மாவுக்கு இதைவிட எதிரி கிடையாது, அசையாமல் நிற்பது திரையில் நிழலாகப் பதிந்துவிடும். யூடியூபில் முழுத்திரை சாம்பல் நிற வீடியோ இருக்கும். லேப்டாப்பை எச்டிஎம்ஐயில் மாட்டி அதை ஓடவிட்டுப் பாருங்கள்.

வைகைக்கரை எழுதியது:

பார்த்தேன். கீழே செய்திப் பட்டை நிழலாக நிற்கிறது! வலது மேல் மூலையில் சேனல் லோகோவும் லேசாகத் தெரிகிறது. "மங்கல்" என்று எல்லாரும் சொன்னதில் இதுவும் சேர்த்தி போலிருக்கிறது. போகுமா?

பிளாஸ்மாபக்தன் எழுதியது:

பயப்படாதீர்கள். தற்காலிகமாகத் தங்கும் நிழல் வேறு, நிரந்தரமாகப் பதிவது வேறு. மெனுவில் படத்தை லேசாக நகர்த்திக்கொண்டே இருக்கும் பிக்சல் ஆர்பிட்டர் இருக்கும், ஆன் செய்யுங்கள். செய்திச் சேனலைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, திரை நிறைய அசைகிற படமாக ஓடவிடுங்கள். கான்ட்ராஸ்டைக் குறையுங்கள். தற்காலிக நிழல் என்றால் மெல்ல மெல்ல மறையும். புள்ளியை ஒளிரவைக்கும் பாஸ்பர் பூச்சு தேய்ந்தே போயிருந்தால் முழுசாகப் போகாது, சாதாரணப் படத்தில் கண்ணில் படாத அளவுக்கு வேண்டுமானால் அடங்கும்.

சேர்த்து ஒன்று சொல்கிறேன். யாராவது ஓஎல்இடி வாங்கச் சொன்னால் இதே காரணத்துக்காக வேண்டாம். அதிலும் ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிர்வதுதான், தேய்மானமும் உண்டு. நாள் முழுக்கச் செய்தி ஓடும் வீட்டுக்குப் பின்விளக்கு உள்ள சாதாரண எல்இடிதான் லாயக்கு. என் வாயால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

கோவைவாசி எழுதியது:

பக்தர் எல்இடியைப் புகழ்ந்த நாள் இது. குறித்துவைத்துக்கொள்கிறோம்ங்க.

திரைக்கிறுக்கன் எழுதியது:

டிவியில் பிக்சர் மோடு என்ன வைத்திருக்கிறீர்கள்? டைனமிக் என்றால் உடனே சினிமாவுக்கு மாற்றுங்கள். முதல் இரண்டு நாள் மஞ்சளாக, டல்லாகத் தெரியும். கண் பழகியதும் பழைய மோடுக்குத் திரும்பினால் எல்லா முகமும் நீலம் பூத்த மாதிரி இருக்கும். ஷார்ப்னஸைக் குறையுங்கள். அது விவரத்தைக் கூட்டுவதில்லை, ஓரங்களில் வெள்ளைக் கோடுதான் போடும். எச்டிஎம்ஐ வந்த பிறகு ஓவர்ஸ்கேனை ஆஃப் செய்யுங்கள். இல்லாவிட்டால் படத்தின் நான்கு ஓரத்தையும் வெட்டி, மீதியை இழுத்துக் காட்டும்.

பையனின் ஓடிடிக்கு எச்டிஎம்ஐயில் செருகும் ஒரு ஸ்ட்ரீமிங் ஸ்டிக் போதும். 4கே சிக்னலுக்குத்தான் எச்டிஎம்ஐயில் எச்டிசிபி 2.2 என்ற நகல் தடுப்பு வசதி வேண்டும். 1080க்கு உங்கள் பழைய போர்ட் ஒத்துழைக்கும். நெட்ஃபிளிக்ஸில் 4கே பார்க்க மாதம் 649 ரூபாய்த் திட்டமும் 15 எம்பிபிஎஸ் வேகமும் கேட்கிறார்கள். 499 ரூபாய்த் திட்டம் 1080 வரைதான். 199 ரூபாய்த் திட்டத்தை வைத்துக்கொண்டு 4கே டிவி வாங்கி, 720இல் படம் பார்ப்பவர்கள் எனக்கே தெரிந்து பலர் இருக்கிறார்கள்.

மின்கம்பி எழுதியது:

வைத்துக்கொள்வதில் உள்ள ஆபத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. பிளாஸ்மாவில் பேனலை இயக்கும் ஒய் சஸ்டெய்ன் போர்டோ பவர் சப்ளையோ போனால் புது உதிரி கிடைக்காது. கழற்றிய செட்டிலிருந்து எடுத்த போர்டுதான், அதுவும் கிடைத்தால். பேனல் போனால் அத்தோடு முடிந்தது. ஸ்டெபிலைசர் இல்லாமல் ஓட்டாதீர்கள். பின்பக்க விசிறியிலும் துளைகளிலும் தூசி அடையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சுவரோடு ஒட்டி மாட்டியிருந்தால் கொஞ்சம் இடைவெளி விடுங்கள். பெரிய ரிப்பேர் வந்தால் காசு போடாதீர்கள், அன்றைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

வைகைக்கரை எழுதியது:

தகவல் சொல்கிறேன். கேபிள்காரரிடம் எச்டி பாக்ஸ் வாங்கி, எச்டிஎம்ஐ போட்டு, சீரியல் சேனல்களை எச்டிக்கு மாற்றியாகிவிட்டது. சினிமா மோடு, ஓவர்ஸ்கேன் ஆஃப், ஷார்ப்னஸ் கிட்டத்தட்ட பூஜ்யம். அம்மா முதலில் "ஏன்டா மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கு" என்றார். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. வீட்டுக்காரி நடிகைகளின் மேக்கப் திட்டுத் திட்டாகத் தெரிகிறது என்கிறாள். அது டிவியின் குற்றமில்லை என்று நினைக்கிறேன். பையன் ஸ்டிக்கில் ஒரு படம் போட்டான். இரவில் விளக்கை அணைத்துவிட்டுப் பார்த்தோம். பக்தர் சொன்ன கருப்பு என்னவென்று அப்போதுதான் புரிந்தது.

ஆனால் கோவைவாசி சொன்னதும் சரி. அப்பாவுக்கு ஓடும் எழுத்து இன்னும் எட்டவில்லை. பகல் வெளிச்சத்தில் கண்ணாடிப் பிரதிபலிப்பும் அப்படியே இருக்கிறது. அதனால் அப்பா அறையில் கட்டிலுக்கு எதிரே, ஐந்தடி தூரத்தில், சாதாரண 43 இன்ச் எல்இடி ஒன்று மாட்டப் போகிறோம். 60 ஆயிரத்தில் பாதிகூட ஆகாது. செய்திச் சேனல் அங்கே போய்விடும். ஹாலில் பிளாஸ்மா சீரியலுக்கும் இரவுப் படத்துக்கும்.

கோவைவாசி எழுதியது:

நல்ல ஏற்பாடுங்க. ஒரே ஒரு எச்சரிக்கை. இந்தக் காலத்து மெலிதான டிவிகளில் ஸ்பீக்கர் கீழ்நோக்கி இருக்கும், பேச்சு தெளிவாகக் கேட்காது. வயதானவருக்கு என்றால் சின்ன சவுண்ட்பாரையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். மெனுவில் அசைவை மென்மையாக்கும் மோஷன் ஸ்மூத்திங் இருந்தால் அதையும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் சினிமாவே நாடகம் மாதிரி வழுக்கிக்கொண்டு போகும்.

சாத்தூர்சேவு எழுதியது:

43 இன்ச்சில் 4கே, ஃபுல் எச்டி இரண்டும் வருகிறது. செய்திக்கு மட்டும்தான் என்றால் விலை குறைந்ததையே எடுங்கள். அப்பா கட்டிலில் படுத்தபடி பக்கவாட்டில் பார்ப்பார் என்றால் ஐபிஎஸ் பேனல்.

பிளாஸ்மாபக்தன் எழுதியது:

வைகைக்கரை அண்ணே, என்றைக்காவது அந்த வியராவைக் கொடுக்கிற எண்ணம் வந்தால் எக்ஸ்சேஞ்சில் தள்ளிவிடாதீர்கள். கடைக்காரன் ஐந்நூறு, ஆயிரம் தருவான். எனக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். மதுரைக்கு வண்டி எடுத்துக்கொண்டு வருகிறேன்.

வைகைக்கரை எழுதியது:

வண்டியோடு ஆளும் கூட்டிக்கொண்டு வாருங்கள். சுவரில் மாட்டும்போதே நாங்கள் மூன்று பேர் சேர்ந்துதான் தூக்கினோம்.